கருவில் இயக்க நரம்புகள் கண்டபடி வளர்ந்து, தப்பான தசைக்குப் போனவை செத்துவிடுகின்றன என்கிறார்களே, அப்படித்தானா?

தேர்வு நெருங்கியதால் கேட்கிறீர்கள் போல. தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் நான் இதை மறுக்கப் போய், தேர்வாளர் சிரித்தே விட்டார். பதினைந்து வருடமாகியும் அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது.

லான்ஸ்-ஜோன்ஸ், லாண்ட்மெஸ்ஸர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1980-இல் வெளியிட்ட சோதனையைத்தான் நான் சொன்னேன். இரண்டரை நாள் வயதுக் கோழிக்கருவில் தண்டுவடத்தின் சில கண்டங்களை வெட்டி, முன்பின்னாகத் திருப்பி வைத்தார்கள். காலுக்குள் தப்பான இடத்தில் நுழைந்த நரம்புகள்கூட, கால் தொடங்கும் இடத்தில் நரம்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் பகுதியில் தடம் மாறித் தங்கள் தசைக்கே போய்ச் சேர்ந்தன. ரொம்பத் தள்ளி நட்டால்தான் வழி தவறின.

இதை நானும் செய்து பார்த்தவன். ஓட்டில் ஜன்னல் வெட்டி, கருவுக்கு அடியில் இந்தியன் இங்க் செலுத்தினால்தான் மஞ்சள் கருவின் மேல் அது கண்ணுக்கே தெரியும். வெட்டிய துண்டு ஊசி முனையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எது தலைப்பக்கம், எது வால்பக்கம் என்று ஒரு நொடி மறந்தால் போச்சு. நாற்பது முட்டையில் மூன்று பிழைத்தன. மூன்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கும் தெரியும், பின்னூட்டத்தில் வந்து சொல்ல வேண்டாம்.

சரி, வழி எப்படித் தெரிகிறது? தண்டுவடத்தின் நெடுக்கில் தான் எந்த இடத்து செல் என்பதை ஹாக்ஸ் மரபணுக்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. அப்புறம் கால் உடலோடு சேரும் இடத்தில், காலின் முதுகுப்புறமா வயிற்றுப்புறமா என்று நரம்புகள் பிரிய வேண்டும். லிம்1 மரபணு இயங்கும் செல்களின் நுனியில் எஃப்-ஏ4 என்ற ஏற்பி நிறைய இருக்கும். காலின் வயிற்றுப்புறத் திசுவில் உள்ள எஃப்ரின்-ஏ5 என்ற மூலக்கூறு பட்டதும் அந்த நுனி விலகி, காலின் முதுகுப்புறத் தசைகளின் பக்கம் திரும்பிவிடும். எஃப்-ஏ4 இல்லாத எலிகளில் அந்தப் பக்கம் போக வேண்டிய நரம்புகள் வயிற்றுப்புறம் போய்விடுகின்றன.

சாவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏறக்குறைய பாதி இயக்க நரம்பணுக்கள் சாகத்தான் செய்கின்றன. ஆனால் அது தொடங்கும் முன்பே பெரும்பாலானவை சரியான தசைக்கு வந்துவிட்டிருக்கும். சரியாக வந்தவையும்கூடச் சாகும். அது பெரும்பாலும் தசைக்குத் தேவையான அளவுக்கு எண்ணிக்கையைக் குறைக்கும் கணக்கு.

மார்க் போனதைக்கூட விடுங்கள். பிழைத்த அந்த மூன்று கருக்களின் படத்தை என் வழிகாட்டி மறு வருடம் ஒரு மாநாட்டில் காட்டினார். நன்றிப் பட்டியலில் நுண்ணோக்கியைப் பழுது பார்த்தவர் பெயர்கூட இருந்தது, என் பெயர் இல்லை.