“ஜெனெட்டிக்ஸ் படிச்சா சோறு போடுமா?”: பாகூர் விவசாயிக்கு ஒரு பதில்

அண்ணே, உங்கள் பெண் ஜெனெட்டிக்ஸ், அதாவது மரபியல், படிக்கிறேன் என்கிறாள்; நெல்லு போட்டு நீங்கள் பட்ட கஷ்டம் போதும், அவள் கம்ப்யூட்டர் படிக்கட்டும் என்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் அவள் கேட்பது நாற்று நடுகிற வேலை இல்லை. ஐப்பசி மழையில் சம்பா மூழ்கும்போது வரப்பில் கைகட்டி நிற்கிறீர்களே, அதற்கு வழி தேடுகிற வேலை.

மூழ்கிய நெல், மூச்சு விட மேலே வரவேண்டும் என்று தண்டை நீட்டி நீட்டியே சேமிப்பைத் தீர்த்துவிடும். தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். எஃப்.ஆர். 13ஏ என்ற ஒடிசாவின் பழைய ரகம் வளர்ச்சியை நிறுத்திவிட்டு அடங்கிக் கிடக்கும். அதற்குக் காரணமான சப்-1 மரபணுவை 2006-ல் அடையாளம் கண்டார்கள். ஸ்வர்ணா நெல்லோடு இனக்கலப்பு செய்து அதை ஏற்றிய ஸ்வர்ணா சப்-1 ரகம், மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கிறது. நம் பக்கத்து சி.ஆர். 1009 நெல் ரகத்திலும் ஏற்றியாகிவிட்டது. 2025 மே மாதம் அறிவித்த, மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களில் ஒன்று நம் பிபிடி (பிபிடி 5204) நெல்லிலிருந்து வந்ததுதான்.

மீதிக் கதை மண்ணுக்குள். உளுந்துச் செடியைத் தோண்டி எடுத்து, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துத் தருகிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறது! எந்த ரகத்தின் வேர் எந்த நுண்ணுயிரைக் கூட வைத்துக்கொள்கிறது என்பதைத்தான் இப்போது துருவுகிறார்கள். மண்ணிலிருந்து வரும் மரபணுத் தகவலைப் பிரித்துப் பார்ப்பது முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை. உங்கள் ஆசையும் அதில் அடங்கும்.

சரி, எதில் சேர்ப்பது? ‘ஜெனெட்டிக்’ என்று பெயரில் இருக்கிறதே என்று தனியார் கல்லூரியில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். நான்கு வருட பி.எஸ்சி. வேளாண்மைதான் என் கணக்கு. ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும் வேளாண் துறை, வங்கியில் விவசாய அதிகாரி, விதை கம்பெனி என்று வழி இருக்கும். நீங்கள் புதுச்சேரிக்காரர், காரைக்கால் ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரிக்கு சென்டாக் (புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழு) வழியாக விண்ணப்பியுங்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் விடவேண்டாம்.

ஒன்றை மறைக்கமாட்டேன். விஞ்ஞானி ஆக எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று எப்படியும் ஒன்பது வருடம் ஆகும். நடுவில் உதவித்தொகை கிடைக்கலாம், பெரிய சம்பளம் வராது. அதற்குள் கல்யாணப் பேச்சை எடுத்தீர்களானால் நான் சொன்ன எதுவும் நடக்காது.

மார்க் ஷீட்டோடு அவளையும் கூட்டி வாருங்கள். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்கிறாளா என்பதை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.