போர்ட் ஆடும் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்: படங்களைப் பத்திரமாக எடுப்பது எப்படி?

கேள்வி: கும்பகோணத்தில் போட்டோ ஸ்டூடியோ நடத்திவருகிறேன். வாடிக்கையாளர்களின் திருமணப் படங்களும் வீடியோக்களும் 2 டெராபைட் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருக்கின்றன. கேபிள் காலில் சிக்கி இழுபட்டதிலிருந்து அதன் போர்ட் ஆடுகிறது. கேபிளை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் விளக்கு எரிகிறது. கையை எடுத்தால் அணைந்துவிடுகிறது. டிஸ்க் கீழே விழவில்லை. உள்ளே இருப்பதைக் கழற்றி வேறு கேஸில் மாட்டினால் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? சரியானபின் அதையே தொடர்ந்து பயன்படுத்தலாமா?

பதில்: உங்கள் படங்கள் இப்போதுவரை பத்திரமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கேபிள் இழுபட்டபோது அடிபட்டது போர்ட்டும் அது பற்றவைக்கப்பட்டிருக்கும் மின்சுற்றுப் போர்டின் விளிம்பும்தான். பதிவுகளைத் தாங்கும் தட்டுகள் மூடிய உலோகப் பெட்டிக்குள் தனியாக இருக்கின்றன. டிஸ்க் கீழே விழவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் கேபிளை அழுத்திப் பிடித்து வேலை வாங்குவதை உடனே நிறுத்திவிடுங்கள். கை சற்று நழுவும் ஒவ்வொரு முறையும் மின்சாரம் அறுபடுகிறது. தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி பதிவுகளைப் படித்து எழுதும் ஹெட், தட்டுகள் சுழலும் மிச்ச வேகத்திலிருந்து கிடைக்கும் சிறிதளவு மின்சாரத்தைக் கொண்டு அவசரமாகத் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. கணினி கோப்புப் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் இப்படி நேர்ந்தால், படங்கள் தட்டில் இருந்தும் அவை எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு சிதைந்துபோகும். போர்ட் பற்றவைக்கப்பட்டிருக்கும் செம்புத் தடங்களோ காகிதத்தைவிட மெல்லியவை. இன்னும் சில முறை அசைத்தால் அவை போர்டிலிருந்து உரிந்து வரும். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய சால்டரிங் வேலை அதன்பின் மிகவும் சிக்கலாகிவிடும்.

டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன், போர்ட்டை டார்ச் ஒளியில் ஒரு பூதக்கண்ணாடியின் வழியாகப் பாருங்கள். நடுவே இருக்கும் நாக்கு போன்ற பகுதி நேராக இருக்கிறதா, அதன் மேலுள்ள பொன்னிறத் தொடுமுனைகளில் ஏதாவது வளைந்திருக்கிறதா, உலோக உறை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று கவனியுங்கள். நாக்கு நேராக இருந்து உறை மட்டும் ஆடுகிறது என்றால், உறையைப் போர்டோடு பிணைக்கும் கால்களின் ஈயம் விட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அது எளிதில் சரியாகக்கூடிய பழுது. கேபிளும் அதே இழுப்பில் அடிபட்டிருக்கும் என்பதால், வேறொரு நல்ல கேபிளை ஒரே ஒருமுறை, அழுத்தாமல், கணினியில் நேரடியாகச் செருகிப் பார்ப்பது நியாயமான சோதனை.

உங்களுடையது இரண்டு பகுதிகளாகப் பிரிந்து தெரியும் அகலமான மைக்ரோ-பி யூஎஸ்பி 3.0 போர்ட்டாக இருந்தால், பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. அந்தப் போர்ட்டின் பெரிய பகுதி, பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இருந்த மைக்ரோ யூஎஸ்பி போர்ட்டேதான், யூஎஸ்பி 3.0-வுக்கான கூடுதல் ஐந்து முனைகள் பக்கத்திலுள்ள சிறிய பகுதியில் இருக்கின்றன. சேதம் சிறிய பகுதியில் மட்டும் இருந்தால், டேட்டாவும் கடத்தக்கூடிய சாதாரண மைக்ரோ யூஎஸ்பி கேபிளைப் பெரிய பகுதியில் செருகியே டிஸ்க்கைத் திறந்துவிடலாம். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் இதற்கு உதவாது. வேகம் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் வரைதான் இருக்கும், 1.5 டெராபைட் படங்களை நகலெடுக்க ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். வேறெதையும் பிரிக்காமல் படங்கள் கைக்கு வருமென்றால் அந்தக் காத்திருப்பு தகும்.

இனி, கடையில் சொன்ன யோசனைக்கு வருகிறேன். டிஸ்க் எந்த நிறுவனத்தினது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. விடையோ அதைப் பொறுத்தது. சீகேட்டின் சிறிய போர்ட்டபிள் டிஸ்க்குகள் பலவற்றில், லேப்டாப்பில் இருப்பதைப் போன்ற சாட்டா (கணினிக்குள் டிஸ்க்கை நேரடியாக இணைக்கும் முனை வகை) ஹார்ட் டிஸ்க்கும் அதை யூஎஸ்பியாக மாற்றித்தரும் சிறிய போர்டும் தனித்தனியாக இருக்கும். அந்தச் சிறிய போர்டை உருவியெடுத்துவிட்டு, டிஸ்க்கை வேறு சாட்டா கேஸில் மாட்டினால் பெரும்பாலும் அப்படியே திறந்துகொள்ளும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட், எலிமெண்ட்ஸ் வகைகளிலும் தோஷிபாவின் கேன்வியோ வகைகள் பலவற்றிலும் அப்படிக் கழற்றி மாட்ட எதுவுமே இருக்காது. ஹார்ட் டிஸ்க்கை இயக்கும் போர்டிலேயே யூஎஸ்பி போர்ட் பற்றவைக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் மேலுறையைத் திறந்து பார்த்து, சாட்டா முனை இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மை பாஸ்போர்ட் போன்ற பல மாடல்களில், நீங்கள் கடவுச்சொல் எதுவும் வைக்காவிட்டாலும், தட்டில் எழுதப்படும் யாவும் போர்டிலுள்ள சிப்பால் குறியாக்கம் செய்யப்பட்டே எழுதப்படுகின்றன. ஆகவே வேறு வழியில் தட்டைப் படித்தாலும் கிடைப்பது பொருளற்ற எண்களாகவே இருக்கலாம். இதே மாடலிலிருந்து இன்னொரு போர்டை எடுத்து மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், அதற்கும் உடனே தலையாட்டாதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக அளந்து எழுதப்பட்ட அளவீடுகள் அதன் போர்டிலுள்ள ரோம் (ROM) சிப்பில் இருக்கின்றன. அதை மாற்றி வைக்காமல் வெறும் போர்டை மட்டும் மாற்றினால் டிஸ்க் ஓடாது. வேலை எந்தக் கட்டத்தில் இருந்தாலும் பழைய போர்டை யாரும் தூக்கியெறிய விடாதீர்கள்.

உங்கள் டிஸ்க் சாட்டா முனை இல்லாத இந்த இரண்டாம் வகை என்றால் செய்ய வேண்டியது போர்ட்டைச் சரிசெய்வதுதான். நுண்ணோக்கியும் ஹாட் ஏர் கருவியும் வைத்து, போன்களின் சார்ஜிங் போர்ட்டை நாள்தோறும் மாற்றும் நல்ல கைகளுக்கு இது பழகிய வேலை. அவரிடம் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். போர்டை டிஸ்க்கிலிருந்து கழற்றிய பின்னரே சூடு வைக்க வேண்டும். நட்சத்திரத் தலைத் திருகுகளை நீக்கினால் போர்டு தனியாக வந்துவிடும், அடியிலுள்ள உலோகப் பெட்டியின் திருகுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. தடங்கள் உரிந்திருந்தால் மெல்லிய ஜம்பர் கம்பி போட்டு, 5 வோல்ட், கிரவுண்ட், இரண்டு டேட்டா என்ற நான்கு இணைப்புகளை மட்டும் உயிர்ப்பித்தால் போதும்; நமக்கு வேண்டியது ஒருமுறை நகலெடுப்பதுதான் என்பதால் யூஎஸ்பி 3.0 வேகத்துக்காகப் போர்டை மேலும் சூடாக்க வேண்டாம். முடித்ததும், கணினியில் செருகுவதற்கு முன், 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இல்லையென்று மல்டிமீட்டரால் பார்த்தே ஆக வேண்டும். வாடிக்கையாளர்களின் குடும்பப் படங்கள் என்பதால், டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராமல் உடனிருந்து செய்து வாங்குவது உங்கள் கடமையும்கூட.

டிஸ்க் திறந்ததும் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று மேய ஆரம்பிக்காதீர்கள். காலியான இன்னொரு டிஸ்க்கைத் தயாராக வைத்துக்கொண்டு, கணினி உறக்க நிலைக்குப் போகாதபடி அமைப்பை மாற்றிவிட்டு, இன்னும் வாடிக்கையாளருக்குக் கொடுக்காத படங்களை முதலில் நகலெடுங்கள். பழைய வேலைகள் பிறகு வரட்டும். மேசையில் டிஸ்க்கையும் கேபிளையும் டேப் போட்டு அசையாமல் ஒட்டிவைப்பது நல்லது. 'ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். பிழை திருத்தும் செக்டிஸ்க்கையும் ஓட்டாதீர்கள், ஏனென்றால் அது மூலப் பதிவிலேயே மாற்றங்களை எழுதிவிடும். அந்த நிலையில் செய்ய வேண்டியது, லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ போன்ற இலவசக் கருவியால் முழு டிஸ்க்கையும் வேறொரு பெரிய டிஸ்க்குக்கு அப்படியே இமேஜாக, அதாவது அச்சு அசலான முழு நகலாக, எடுத்துக்கொண்டு, டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற மீட்புக் கருவிகளை அந்த இமேஜின் மேல் மட்டும் ஓட்டுவது. டிடிரெஸ்க்யூ எதுவரை படித்தது என்ற குறிப்பைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்வதால், நடுவில் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

டிஸ்க்கிலிருந்து சீரான 'டிக் டிக்' ஓசையோ மெல்லிய பீப் ஒலியோ கேட்டால், பிரச்சினை போர்ட்டைத் தாண்டி ஹெட்டுக்கோ மோட்டாருக்கோ போய்விட்டது என்று பொருள். உடனே மின்சாரத்தைத் துண்டித்து, தூசியற்ற அறை உள்ள டேட்டா ரெக்கவரி நிலையத்திடம்தான் கொடுக்க வேண்டும். ஃப்ரீஸரில் வைத்து எடுக்கலாம், லேசாகத் தட்டலாம் என்ற யோசனைகளுக்குச் செவிகொடுக்காதீர்கள். கருகிய வாடை வந்தாலும் இதே முடிவுதான். கொடுப்பதற்கு முன், முதலில் இமேஜ் எடுத்துத்தான் வேலை செய்வார்களா என்பதையும், டேட்டா கிடைக்காவிட்டால் என்ன கட்டணம் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசிக் கேள்விக்கு என் பதில்: பயன்படுத்த வேண்டாம். சால்டர் செய்த போர்ட் நகலெடுக்கும் அளவுக்கு உறுதியாக இருக்கும். தினமும் செருகி உருவும் ஸ்டூடியோ வேலையைத் தாங்கும் என்று நம்ப முடியாது. நகலெடுத்த படங்களில் ஒவ்வொரு திருமணத்திலிருந்தும் சில பெரிய வீடியோக்களையாவது முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு, மற்றொரு டிஸ்க்கில் இரண்டாம் நகலும் ஏறும்வரை இந்தப் பழைய டிஸ்க்கில் எதையும் அழிக்காமல், எதையும் புதிதாக எழுதாமல் எடுத்து வையுங்கள்.