வார்ஃபரினை மாற்றும் முன் எக்கோவைப் பாருங்கள்

தம்பி, காசிமேட்டில் இருக்கும் அம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு), ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் வார்ஃபரினுக்காக அடிக்கடி ரத்தம் எடுப்பது தொல்லை, பக்கத்து வீட்டுக்காரர் போடும் புது மாத்திரைக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை எடுத்து, இதயத்தின் இடப்பக்கம் உள்ள மைட்ரல் வால்வு பற்றிய வரியைப் பாருங்கள். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் அது நன்றாகச் சுருங்கியிருந்தாலோ, உலோக வால்வு வைத்திருந்தாலோ வார்ஃபரின்தான். 2022-ல் வந்த இன்விக்டஸ் ஆய்வில் ருமாட்டிக் இதய நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் இருந்தவர்களுக்கு ரிவராக்சபான் என்ற புது மாத்திரையைவிட வார்ஃபரின் வகைப் பழைய மாத்திரைதான் நல்ல பலன் தந்தது, இறப்பும் குறைவு.

இரண்டும் இல்லையா, சரி, அபிக்சபான் என்ற புது மாத்திரை பற்றித் தாராளமாகக் கேளுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் முடிவு செய்வார். ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி. கூட்டத்தில் பேசக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான், அதனால் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) நோட்டோடு நீட்டிவிடுங்கள், கூச்சமே வேண்டாம்.

கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்று அதை நிறுத்தச் சொல்லி அம்மாவைப் படுத்தாதீர்கள், வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும். அப்புறம், மூட்டு வலிக்கு மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் கூடவே கூடாது, ரத்தக்கசிவு ஆகலாம். படபடப்பு நின்றுவிட்டது என்று வார்ஃபரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வாய் கோணினாலோ ஒரு பக்கக் கை தொங்கினாலோ பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108.