ஃப்ரீஸ்டைல் ஸ்கீயிங் பற்றி மாணவர் குறும்படம் எடுத்து, அதை நாலு பேரிடம் கொண்டு சேர்ப்பது எப்படி?

வான்கூவரில் திரைப்படப் படிப்பின் இரண்டாம் ஆண்டில், நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மொகல் ஸ்கீயிங், அதாவது மேடு மேடான பனிச்சரிவில் சறுக்கி இறங்கும் விளையாட்டு, பற்றி ஒன்பது நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். எனக்குச் சொந்த ஊர் ஈரோடு. கனடா வரும்வரை பனியைத் தொட்டதுகூட இல்லை. அதனால் ஸ்கீ தெரியாத ஒருவர் இதைப் படமெடுக்கப் போனால் எங்கெங்கே தடுக்கும் என்று என்னால் சொல்ல முடியும். எங்களுக்கு எது பலன் தந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் வேலை, எந்தப் பிரிவு என்று முடிவு செய்வது. ஃப்ரீஸ்டைல் என்று தனியாக ஒரு விளையாட்டு கிடையாது. அது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. மொகல் 1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டானது. 1994இல் ஏரியல்ஸ் (காற்றில் குட்டிக்கரணம்), 2010இல் ஸ்கீ கிராஸ் (சேர்ந்து இறங்கும் பந்தயம்), 2014 சோச்சியில் ஹாஃப்பைப்பும் (பாதிக் குழாய் வடிவப் பனிப்பள்ளம்) ஸ்லோப்ஸ்டைலும் (கம்பிகளும் ஜம்புகளும் உள்ள சரிவு), 2022 பெய்ஜிங்கில் பிக் ஏர் (ஒரே பெரிய ஜம்ப்) என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. படமெடுப்பவருக்கு இவை ஒவ்வொன்றும் வேறு வேறு கணக்கு. ஸ்லோப்ஸ்டைல் நீளமான தளம், நான்கைந்து கேமரா இல்லாமல் கதை புரியாது. ஒழுங்கான ஹாஃப்பைப் எல்லா மலையிலும் இருக்காது. மொகல் தளம் சுமார் 250 மீட்டர்தான். மேடு மேடாக நிறைந்த செங்குத்துச் சரிவு, நடுவில் இரண்டு ஜம்ப். கீழே நின்றால் மேலிருந்து கடைசிவரை கண்ணுக்குத் தெரியும். ஆட்டம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு நல்ல கேமராவும் ஒரு சுமாரான கேமராவும் வைத்திருக்கும் மாணவர்களுக்கு இதைவிடத் தோதான பிரிவு கிடையாது.

எங்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வான்கூவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது சைப்ரஸ் மலை. 2010 ஒலிம்பிக்கில் பனி போதாமல் லாரியிலும் ஹெலிகாப்டரிலும் பனி கொண்டுவந்து கொட்டிய இடம். அங்கேதான் பிப்ரவரி 14 அன்று கனடிய வீரர் அலெக்சாண்டர் பிலோடோ மொகலில் தங்கம் வென்றார். அதற்கு முன் மான்ட்ரியலிலும் கால்கரியிலும் ஒலிம்பிக் நடந்தும், சொந்த மண்ணில் ஒரு கனடியரும் தங்கம் வென்றதில்லை. இந்த ஊரில் யாரிடம் மொகல் என்று சொன்னாலும் அந்த இரவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பின்னால் படத்தைப் பரப்பும்போது அந்த நினைவு பெரிதாகக் கைகொடுத்தது.

விதிமுறையைப் படித்துவிட்டுப் போங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். மொகலில் நூறு மதிப்பெண் என்றால் ஜம்புக்கு இருபது, வேகத்துக்கு இருபது, மீதி அறுபதும் திருப்பங்களுக்கு. ஆனால் எல்லோரும் ஜம்பைத்தான் படமெடுக்கிறார்கள். நாங்களும் முதல் இரண்டு நாள் அதைத்தான் செய்தோம். அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. மொகல் வீரர்களின் பேன்ட்டில் முழங்கால் பகுதி மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். இரண்டு முழங்காலும் ஒட்டியபடி இருக்கின்றனவா, எப்படி மடங்கி நீள்கின்றன என்று நடுவர்கள் தூரத்திலிருந்தே பார்ப்பதற்காகத்தான் அது. அதைப் புரிந்துகொண்ட மறுநாள், நீண்ட லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து முழங்காலை மட்டும் ஃபிரேமில் வைத்து எடுத்தோம். முகம் இல்லை, வானம் இல்லை. இரண்டு ஆரஞ்சுச் சதுரங்கள் தையல் மெஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் அடித்துக்கொண்டு இறங்குகின்றன. படத்தில் அதுதான் உயிர்.

நாங்கள் பின்தொடர்ந்த பெண்ணுக்கு வயது பத்தொன்பது. முழங்கால் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஒரு பருவம் முழுக்க வெளியே இருந்துவிட்டுத் திரும்பியவள். முழங்காலை எடுக்க ஆரம்பித்த பிறகுதான் அவள் கதையும் அந்தக் காட்சியும் ஒன்றாகச் சேர்ந்தன.

இப்போது கேமரா விஷயம். முதல் நாள் எடுத்ததெல்லாம் சாம்பல் நிறத்தில் வந்தது. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக் கணக்குப் போடும். ஃபிரேம் முழுக்க வெள்ளைப் பனி இருந்தால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று தானே குறைத்துவிடும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) வரை கையால் கூட்டி வைக்க வேண்டும்; பனியின் நுணுக்கம் வெளுத்துப்போகாமல், வெளிச்சத்தின் அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் திரை சுத்தமாகத் தெரியாது, அதனால் கண்ணை நம்பாதீர்கள். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் மலைக்குப் போகவே வேண்டாம். ஸ்லோமோஷனுக்கு நொடிக்கு 120 ஃபிரேமில் எடுத்தால், 24 ஃபிரேம் டைம்லைனில் ஐந்து மடங்கு மெதுவாகும். அப்போது ஷட்டர் 1/240 பக்கம் இருக்கட்டும்.

பேட்டரியைப் பையில் வைக்காதீர்கள், ஜாக்கெட்டுக்கு உள்ளே உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் அது பாதி நேரத்திலேயே படுத்துவிடும். சாயங்காலம் கேமராவை அறைக்குள் கொண்டுபோகும் முன், வெளியிலேயே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் கதகதப்பான காற்று பட்டதும் லென்ஸுக்கு உள்ளேயே வியர்த்துவிடும்.

மேகமூட்டமான நாளில் நிழலே இருக்காது. மேடும் பள்ளமும் ஒரே வெள்ளைத் தாளாகிவிடும். விளையாடுபவர்களுக்கே தரை தெரியாது என்பதால், ஜம்ப் முடிந்து தரையிறங்கும் இடமான லேண்டிங்கில் பைன் இலைகளைத் தூவியோ சாயம் தெளித்தோ அடையாளம் வைப்பார்கள். அந்த நாள்களில் சரிவை எடுக்க முயலாதீர்கள். பேட்டியும் முகங்களும் எடுக்க அந்த வெளிச்சம் அருமையாக இருக்கும். இந்தக் கடலோர மலைகளில் ஜனவரியிலும் மழை கொட்டும். ஒன்பது நாள் திட்டமிட்டதில் எங்களுக்கு மூன்று நாள் மழையில் போனது.

ஒரு மழைக்கு மறுநாள்தான் படத்தின் இன்னொரு பாதி கிடைத்தது. இரவோடு இரவாகக் குளிர் இறங்கி, நனைந்த சரிவு கல் மாதிரி இறுகிவிட்டது. காலை ஏழரை மணி. இன்னும் லிஃப்ட் ஓடவில்லை. கோச்சும் நான்கைந்து பெற்றோரும் ஷவலோடு ஜம்புக்குக் கீழே வரிசையாக நின்று லேண்டிங்கைக் கொத்தினார்கள். இறுகிய பனியில் விழுந்தால் முழங்கால் போய்விடும் என்பதால், பயிற்சிக்கு முன் இப்படிக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கிவைப்பார்கள். நம் ஊரில் பாத்தி கட்டுவதற்கு முன் மண்ணைக் கொத்திவிடுவதைப் போலத்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா யாரோடும் பேசவில்லை. தாடியில் மூச்சு உறைந்திருந்தது. கையுறையைக் கழற்றி, கொத்திய இடத்தில் ஒரு பிடி அள்ளி நசுக்கிப் பார்த்தார். திருப்தி இல்லை போல, திரும்பவும் கொத்தினார். நாற்பது நொடி, ஒரே ஷாட். வெட்டவே இல்லை.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. ‘கேமராவுக்காக இன்னொரு தடவை அந்த ஜம்பை அடி’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். ஹாஃப்பைப் ஒலிம்பிக்குக்கு வர முன்னின்று போராடிய கனடிய வீராங்கனை சாரா பர்க், 2012 ஜனவரியில் யூட்டாவின் பார்க் சிட்டியில் பயிற்சியின்போது விழுந்து உயிரிழந்தார். இரண்டு ஆண்டு கழித்துத்தான் அந்தப் பிரிவு சோச்சியில் அறிமுகமானது. இங்கே கிளப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கதை தெரியும். அவர்கள் போடும் திட்டப்படிதான் ஜம்ப் நடக்கும், நமக்குக் கிடைத்தது போதும் என்று இருங்கள். பனியில் எழுந்து நிற்கத் தெரியாத நான் வலைக்கு வெளியே டிரைபாடோடு நின்றேன். கூடச் சறுக்கிக்கொண்டே எடுக்கும் ஷாட்டுகளைச் சின்ன வயதிலிருந்தே ஸ்கீ செய்யும் என் தோழி எடுத்தாள்.

அனுமதிகளை எழுத்தில் வாங்குங்கள்: மலை நிர்வாகம், கிளப், பேட்டி கொடுத்தவர்கள், சட்டப்படி மைனராக இருப்பவர்களின் பெற்றோர். கனடாவில் 250 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள டிரோனுக்குப் பதிவும் பைலட் சான்றிதழும் வேண்டும். அது இருந்தாலும் நாங்கள் போன மலையில் டிரோனுக்கு அனுமதியே கொடுக்கவில்லை. பிடித்த பாட்டைப் போட்டு எடிட் செய்யும் ஆசையையும் விட்டுவிடுங்கள். உரிமை இல்லாத பாட்டு இருந்தால் யூடியூப் பிடித்துக்கொள்ளும், விழாவுக்கும் அனுப்ப முடியாது. எங்களுக்குக் கல்லூரியில் இசை படிக்கும் ஒருவர் செல்லோ வாசித்துக் கொடுத்தார்.

இசையைவிட எங்கள் படத்தில் சத்தம்தான் அதிகம் பேசும். ஸ்கீயின் ஓரம் ஐஸில் உரசும் கிறீச், மேடு மேடாக அடிக்கும் தடதட, ஜம்பில் எழும்பியதும் ஒரு நொடி எதுவுமே இல்லாத அமைதி. கேமரா மைக்கில் காற்றுதான் பதிவாகும், அதனால் சத்தத்தைத் தனி ரெகார்டரில் எடுத்தோம். பனியில் நடக்கும் சத்தம் மட்டும் சரியாக அமையவில்லை. கடைசியில், சத்தத்தைச் செயற்கையாக உருவாக்கிச் சேர்க்கும் வழக்கமான ஃபோலி வித்தைதான்: சோள மாவை ஒரு துணிப்பைக்குள் கட்டி, மைக்குக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினோம். எங்கள் வீட்டுச் சமையலறையில், நள்ளிரவில், ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுச் செய்தது.

முதல் எடிட்டை வாட்ஸ்அப்பில் ஈரோட்டில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “ஏங் கண்ணு, அந்தப் புள்ளைக்கு முழங்கால் வலிக்காதா?” பனியே பார்க்காத ஒருவருக்குப் படம் எதைப் பற்றியது என்று புரிந்துவிட்டது. அதே எடிட்டில் பதினைந்து ஜம்ப் இருந்தது, நான்காகக் குறைத்தோம். உங்கள் படத்தையும் ஸ்கீ தெரியாத ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

சரி, பரப்புவதற்கு வருவோம். மாணவர்கள் செய்யும் பெரிய தவறு, படம் முடிந்த அன்றே யூடியூபில் ஏற்றிவிடுவது. பொதுவெளியில் ஏற்கனவே இருக்கும் படத்தைச் சில விழாக்கள் எடுக்காது. முதலில் விழாக்களின் விதிகளைப் படியுங்கள். ஃபிலிம்ஃப்ரீவே தளம் வழியாகப் பெரும்பாலான விழாக்களுக்கு அனுப்பலாம், மாணவர் கட்டணம் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். பான்ஃப், வான்கூவர் இரண்டு ஊரிலும் மலைப் படங்களுக்கென்றே விழா இருக்கிறது. விஸ்லரில் தனித் திரைப்பட விழா நடக்கிறது. நாங்கள் ஏழு விழாவுக்கு அனுப்பினோம். ஐந்து மறுப்பு, இரண்டு சிறிய விழாக்களில் திரையிட்டார்கள். அந்த இரண்டையும்விட வேறு ஒன்றுதான் எங்களுக்கு அதிகப் பார்வையாளர்களைத் தந்தது.

ஃபிரெஞ்சு சப்டைட்டில். மொகலுக்குக் கனடாவில் தாய்வீடு ஃபிரெஞ்சு பேசும் க்யூபெக் மாகாணம். பிலோடோ, மிக்கயேல் கிங்ஸ்பரி, சோச்சியில் தங்கமும் வெள்ளியும் வென்ற டுஃபூர்-லபாயின்ட் சகோதரிகள் எல்லோரும் அந்தப் பக்கம்தான். விழாச் சுற்று முடிந்து யூடியூபில் ஏற்றும்போது, வகுப்பில் இருந்த மான்ட்ரியல் பையன் இரண்டு நாள் உட்கார்ந்து ஃபிரெஞ்சில் எழுதிக் கொடுத்தான். இருபது நொடி முழங்கால் காட்சியை மட்டும் நெட்டுவாக்கில் வெட்டி, இன்ஸ்டாகிராமில் போட்டு, க்யூபெக் கிளப்புகளுக்கு ஒவ்வொன்றாக எழுதினோம். பொதுவான விளம்பரக் கடிதமாக எழுதவில்லை. ‘உங்கள் லேண்டிங்கை யார் கொத்துகிறார்கள்? இந்தப் படம் அவர்களைப் பற்றியது’ என்று இரண்டே வரி. பாதிப் பேர் பதில் எழுதினார்கள். பலர் தங்கள் ஷவல் படத்தையே அனுப்பினார்கள். எங்கள் போஸ்டரிலும் ஜம்ப் கிடையாது, பனியில் குத்தி நிற்கும் ஷவல்தான்.

முதல் திரையிடலை மலையடிவாரத்தில் கிளப்பின் கூடத்திலேயே வைத்தோம். புரொஜக்டர் கல்லூரியிலிருந்து, திரை ஒரு வெள்ளைப் போர்வை. அறுபது பேர் இருப்பார்கள். முழங்கால் காட்சி வந்தபோது சின்னப் பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஷவல் காட்சி வந்ததும் அந்தப் பெண் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். காலை ஏழரைக்கு அவர் அங்கே நிற்பது அவளுக்கு அதுவரை தெரியாது. அவள் வரும்போது எல்லாம் முடிந்து, அவர் காருக்குள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பாராம். விளக்குப் போட்டதும் கோச் என்னிடம் வந்து அந்த நாற்பது நொடியை மட்டும் தனியாகத் தரமுடியுமா என்று கேட்டார். இப்போது ஒவ்வொரு பருவத்தின் முதல் நாளும் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அதைப் போட்டுக் காட்டிவிட்டு, ஷவல் எங்கே மாட்டியிருக்கிறது என்று சொல்கிறாராம்.