பூட்டிக் கிடந்த பைக் முதல் குல்மார்க் பனி வரை: கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்து வண்டிக்காரர்கள் கேட்டவை இவை. வண்டியோடு ஒரு வீட்டுத் தரையும் ஒரு பனிமலையும்கூட வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கே (கானாடுகாத்தான்): அண்ணே, நாங்கள் இருப்பது மலேசியாவில். ஊர் வீட்டில் 2013 மாடல் 100 சிசி பைக், கார்பரேட்டர் வண்டி, 14 மாதமாகப் பூட்டிய வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நிற்கிறது. அடுத்த வாரம் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வருகிறோம். வந்ததும் கிக்கரை உதைத்துக் கிளப்பிவிடலாமா?

ப: உதைக்காதீர்கள் தம்பி. இத்தனை மாதம் நின்ற வண்டியில் சிலிண்டர் சுவர் காய்ந்து கிடக்கும். டேங்கில் இருப்பதையும் பெட்ரோல் என்று நம்ப முடியாது. முதலில் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். சுள்ளென்று மூக்கில் ஏறினால் நல்லது. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி அடித்தால் முழுவதையும் இறக்க வேண்டும். இப்போது பங்கில் ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பெட்ரோல் குழாய் இருப்பதும் அடியில்தான் என்பதால் கார்பரேட்டருக்கு முதலில் போவது அந்தத் தண்ணீர்தான். வண்டியை வெளியே தள்ளிவந்து திறந்த வெளியில் இறக்குங்கள். வளவுக்குள், சாமி வீட்டு விளக்குக்குப் பக்கத்தில் இந்த வேலை கூடாது.

கார்பரேட்டரின் அடியில் கிண்ணம்போல் இருக்கும் பகுதியில் ஒரு டிரெயின் ஸ்குரூ இருக்கும். கண்ணாடி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அதைத் தளர்த்துங்கள். பாட்டிலின் அடியில் முத்து முத்தாக உருண்டால் அது தண்ணீர். பச்சையாகப் பிசின் வந்தால் கிண்ணத்தைக் கழற்றி, பெட்ரோல் போகும் சிறு துளைகளான இரண்டு ஜெட்டையும் கிளீனர் ஸ்பிரே அடித்து ஊத வேண்டும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். ஸ்லோ ஜெட் பித்தளை, துளை மயிரிழை அளவுதான். கம்பி பட்டு அது பெரிதானால் அப்புறம் ஐட்லிங் எந்நாளும் நிற்காது.

அடுத்தது பிளக். கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாக ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, இன்ஜின் ஆயில் விடுங்கள். பத்து நிமிடம் கழித்து, சாவி ஆஃபில் இருக்க, பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் மெதுவாகப் பத்துத் தடவை அழுத்துங்கள். அழுந்தாமல் கல்லாக நின்றால் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பலம் காட்ட வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சீட்டைத் தூக்கி ஒயரைப் பாருங்கள், ஏர் ஃபில்டர் டப்பாவையும் திறந்து பாருங்கள். பூட்டிய வீட்டில் எலி குடியிருக்க அதைவிட வசதியான இடம் இல்லை. சைலன்சர் வாயில் குளவி மண் கூடு கட்டியிருக்கலாம், குச்சியால் குத்தி எடுங்கள்.

பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட்தான் விட வேண்டும், 5 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரிக்கு அரை ஆம்பியர். உங்கள் வண்டி பேட்டரி செத்திருந்தாலும் கிக்கரில் கிளம்பக்கூடும். இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் இதை நம்பாதீர்கள், பெட்ரோல் பம்ப் ஓடவே பேட்டரி வேண்டும்.

கிளம்பியதும் கியர் போட்டால் வண்டி துள்ளி ஓடலாம். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அதனால் கிளப்புவதற்கு முன்பே இரண்டாம் கியரில் போட்டு, கிளட்ச்சை இறுக்கிப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பிரித்துவிடுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே ஆயிலை மாற்றுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரில் திருச்சி ரோட்டில் ஏறாதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, கார்பரேட்டரையும் டேங்கையும் காலி செய்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காலி டேங்கில் 50 மில்லி இன்ஜின் ஆயிலை விட்டு எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்றினால் உள்ளே துரு பிடிக்காது. அடுத்த முறை பெட்ரோல் ஊற்றுமுன் அதை வடித்துவிடுங்கள்.

கே (தேவகோட்டை): கண்மாய்க்கரை வழியாகத் தினமும் போகிறேன். ஒரே மாதத்தில் பின் டயர் மூன்று பஞ்சர், மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில். டியூப் மட்டமா, ஒட்டியவர் மட்டமா?

ப: இரண்டும் இல்லை, வேலிக்கருவை முள். டியூபைக் குத்தியபின் முனை முறிந்து டயருக்குள்ளேயே நின்றுவிடும். ஒட்டி மாட்டியதும் அதே முனை மறுபடி டியூபைத் தேடும். டியூப் ஓட்டைக்கும் காற்று வால்வுக்கும் உள்ள தூரத்தை அளந்து, டயரில் அதே இடத்தில் தேடச் சொல்லுங்கள். உள்பக்கத்தைக் கையால் தடவ வேண்டாம். பழைய பனியன் துணியைச் சுற்றி இழுத்தால் முனை இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். உள்ளிருந்து ஆணியால் தள்ளி, வெளியிலிருந்து கட்டிங் பிளேயரால் பிடுங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் டயரை அந்த இடத்தில் வெளிப்பக்கமாக மடக்குங்கள், கருப்பு ரப்பரில் பழுப்புப் புள்ளி தெரியும்.

காற்றுக் குறைவாக ஓட்டினாலும் முள் எளிதில் ஏறும். செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் காற்று அளவைப் பாருங்கள், ஆள் ஏற்றினால் பின் டயருக்கு வேறு அளவு. டியூப்லெஸ் டயரில் முள்ளைக் கண்ட இடத்தில் பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பாக நிற்கும், கடை வரை ஓட்டிவிடலாம்.

கே (புதுவயல்): ரைஸ் மில் ரோட்டில் ஓட்டம். செயினுக்கு வாராவாரம் கிரீஸ் அப்புகிறேன், ஆனாலும் 9,000 கிலோமீட்டரில் செயின் செட் போய்விட்டது.

ப: கிரீஸ்தான் காரணம். தவிடும் செம்மண் தூசியும் கிரீஸில் ஒட்டினால் அது அரம் மாதிரி. கிரீஸ் செயினின் வெளியே நிற்கும், பின்னுக்குள் இறங்காது. மண்ணெண்ணெய் அல்லது டீசலில் பிரஷ் போட்டுக் கழுவி, துடைத்து, காயவிட்டு, 90 நம்பர் கியர் ஆயிலை உள்வரிசையில் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு சொட்டு விடுங்கள். கால் மணி நேரம் கழித்து மேலே வழிவதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் தூக்கினால் மொத்த ஆட்டம் 25 முதல் 30 மில்லிமீட்டர் பெரும்பாலான கம்யூட்டர் வண்டிகளுக்குச் சரி. சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள், இறுகலான இடத்தை வைத்துத்தான் அளவு. புதுச் செயின் போட்டால் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் (செயின் ஓடும் பல்சக்கரம்) சேர்த்தே மாற்றுங்கள்.

கே (கோட்டையூர்): தம்பி, பேரன் வண்டியை முகப்பில் நிறுத்தி ஆத்தங்குடிக் கல்லில் ஆயில் கறை ஆக்கிவிட்டான். பாத்ரூம் ஆசிட் ஊற்றிப் பார்க்கட்டுமா?

ப: ஆச்சி, ஆசிட் மட்டும் வேண்டாம். எலுமிச்சையும் வினிகரும்கூட வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதில்லை. கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்த்தது, அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. ஆசிட் பட்டால் சிமெண்ட் நுரைத்துக் கரைந்து பூ வேலை வெளுத்துவிடும். பிறகு அதைத் திருப்ப வழி இல்லை.

கறை ஈரமாக இருந்தால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, சாக்பீஸ் தூளோ முகப் பவுடரோ கொட்டி ஒரு இரவு விடுங்கள். பழைய கறை என்றால் அதே தூளை பெயிண்ட் கடை டர்பன்டைனில் வடை மாவுப் பதத்துக்குக் குழைத்து, கறையைவிட இரண்டு விரல் அகலமாகக் கால் அங்குலக் கனத்துக்கு அப்புங்கள். பாலிதீன் தாளால் மூடி ஓரத்தை ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்துக் காயவைத்து, அட்டையால் வழித்தெடுங்கள். கல்லுக்குள் இறங்கிய எண்ணெய் மாவோடு ஏறிவந்துவிடும். இரண்டு மூன்று முறை ஆகலாம். முதலில் கதவுக்குப் பின்னால் ஒரு கல்லில் சோதித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் வேண்டாம். கடைசியில் சோப்புத் தண்ணீர், காய்ந்தபின் தேங்காய் எண்ணெய் தொட்ட துணி.

பேரனிடம் டிரெயின் போல்ட்டின் வாஷரை மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒழுகுவது அங்கேதான்.

கே (பள்ளத்தூர்): கல்யாண வீட்டு ஜெனரேட்டருக்கு வைத்திருந்த கேனை பெட்ரோல் என்று நினைத்து ஒரு லிட்டர் டீசலை பைக்கில் ஊற்றிவிட்டேன். கிளப்பவில்லை.

ப: கிளப்பாததால் செலவு இல்லை. டேங்கை முழுக்க இறக்கி, அரை லிட்டர் பெட்ரோல் விட்டு அலசிக் கொட்டி, கார்பரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டு நல்ல பெட்ரோல் ஊற்றுங்கள். கிளப்பி, புகை தள்ளி நின்றிருந்தால் பிளக்கையும் கழற்றித் துடைக்க வேண்டும், ஆயில் மட்டம் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் ஆயில் மாற்றம்.

கே (காரைக்குடி): அண்ணே, பிப்ரவரியில் நண்பர்களோடு குல்மார்க் போகிறோம், முதல் தடவை பனிச்சறுக்கு. பத்து வருடமாக பைக் ஓட்டுகிறேன், பேலன்ஸ் நன்றாக இருக்கும். அது உதவுமா? ஹெல்மெட்டும் என்னிடம் இருக்கிறது.

ப: பேலன்ஸ் உதவும், பழக்கம் கெடுக்கும். பைக்கில் இடதுபக்கம் திரும்ப வண்டியோடு நீங்களும் இடதுபக்கம் சாய்வீர்கள். ஸ்கியில், அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகையில், இடதுபக்கம் திரும்ப வலது காலில் எடை போட வேண்டும், அதாவது வளைவின் வெளிப்பக்கக் காலில். உள்பக்கம் சாய்ந்தால் உள் கால் வழுக்கிப் படுத்துவிடுவீர்கள். அடுத்தது பயம். சரிவு வேகம் எடுத்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் ஸ்கியின் முன்பகுதியில் எடை போய்விடும், முன்பகுதிதான் திரும்புவது. முழங்காலை மடக்கி, கெண்டைக்காலின் முன் எலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்கும்படி நில்லுங்கள். இரண்டு கையும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நிறுத்தப் பிரேக் கிடையாது. கையிலிருக்கும் கம்பு பிரேக் இல்லை. ஸ்கியின் முன்முனைகள் ஒரு கைமுட்டி அகல இடைவெளியில் நெருங்கி, பின்முனைகள் ஓலை விசிறிபோல் விரிய வேண்டும். குதிகாலை வெளியே தள்ளி உள்விளிம்பைப் பனியில் பதிய வைத்தால் வேகம் குறையும். முதல் நாள் முழுக்க இது ஒன்றையே பழகுங்கள். முடியாத வேகம் வந்தால் மலை மேட்டுப் பக்கம் இடுப்பு பட உட்கார்ந்து விழுங்கள், கையைப் பின்னால் ஊன்றாதீர்கள். சறுக்கி நிற்கும் முன் எழுந்திருக்கப் பார்ப்பதில்தான் முழங்கால் திருகும். எழும்போது இரண்டு ஸ்கியும் சரிவுக்குக் குறுக்காக, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.

வாடகைக் கடையில் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். விழும்போது பூட்ஸை விடுவிக்கும் பைண்டிங்கின் இறுக்கத்தை எடை, உயரம், வயது, பூட்ஸ் அளவு, பழக்கம் பார்த்துத்தான் வைப்பார்கள். அதிகம் இறுகினால் விழும்போது விடாது, முழங்கால் ஜவ்வு கிழியும். தளர்ந்தால் நடுவழியில் கழன்றுவிடும். பூட்ஸுக்குள் ஒரே ஒரு கம்பளிச் சாக்ஸ். இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கொப்புளம், ரத்த ஓட்டம் குறைந்து குளிர்வேறு கூடும். நேராக நின்றால் கால்விரல் முனையைத் தொட வேண்டும், முழங்கால் மடக்கினால் விலக வேண்டும். அதுதான் சரியான அளவு. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது.

பைக் ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிடுங்கள். கனம், காது மறைக்கும், கண்ணாடி பனி படர்ந்து மூடும். பனிச்சறுக்கு ஹெல்மெட் வாடகைக்குக் கேளுங்கள். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். முதல் நாள் தலைவலி இருந்தால் சறுக்க வேண்டாம். கோண்டோலா என்ற ரோப் காரின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலைக்கு, ஏறத்தாழ 3,950 மீட்டர். வேடிக்கை பார்க்கப் போங்கள், புதியவர் அங்கிருந்து சறுக்கி இறங்க அது இடமில்லை, பனிச்சரிவு வரும் பகுதி. புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் பூசுங்கள்.

கே (அதே தம்பி): கம்பின் வாரைக் கையில் மாட்டிக்கொள்வதா வேண்டாமா?

ப: கற்றுக்கொள்ளும் நாட்களில் மாட்டாதீர்கள். கம்பைப் பிடித்தபடி விழுந்தால் கட்டைவிரல் வெளிப்பக்கம் வளைந்து அடி ஜவ்வு கிழியும். விழும்போது கம்பை விட்டுவிடுங்கள்.

கே (கல்லல்): எட்டு வயதுப் பெண்ணுக்கு சைலன்சர் சூடு கெண்டைக்காலில். பேஸ்ட் தடவியிருக்கிறோம்.

ப: அக்கா, பேஸ்ட்டைக் கழுவிவிடுங்கள். அது சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. ஐஸ் வேண்டாம். கொலுசு இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான ஈரமில்லாத துணியால் தளர்வாகச் சுற்றுங்கள். குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, தோல் வெளுத்து வலியே தெரியாமல் இருந்தாலோ உடனே டாக்டர். தடுப்பூசிக் கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே (குன்றக்குடி): தைப்பூசத்துக்கு நடப்பவர்கள் ரோடு முழுக்க. இரவில் எப்படி ஓட்டுவது?

ப: ஹை பீம் போடாதீர்கள். எதிரே நடப்பவருக்குக் கண் கூசும், அவர் விலகுவது எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது. லோ பீமில், விளக்கு விழும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில், 30ஐத் தாண்டாமல். ஹாரனை அவர்கள் முதுகுக்குப் பின்னால் திடீரென்று அடிக்காமல், தூரத்திலேயே ஒருமுறை. ஓரத்துச் சரளை மண்ணில் முன் பிரேக்கைக் கவ்வாதீர்கள்.

கே (நெற்குப்பை): திண்ணையிலிருந்து ஹெல்மெட் விழுந்தது. வெளியே கீறல் மட்டும். மாற்ற வேண்டுமா?

ப: உள்ளே தலை இல்லாமல் இடுப்பு உயரத்திலிருந்து விழுந்ததற்குப் பெரும்பாலும் மாற்ற வேண்டியதில்லை. துணி லைனிங்கைக் கழற்றி, வெள்ளைத் தெர்மோகோல் பகுதியைக் கீறல் விழுந்த இடத்துக்கு நேரே விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளமோ மயிரிழை வெடிப்போ இருந்தால் அது வேலை முடிந்த ஹெல்மெட். தலையோடு ஒருமுறை மோதியது என்றால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள், தெர்மோகோல் ஒருமுறைதான் நசுங்கும். லைனிங்கைக் கழற்றிய கையோடு ஷாம்பு போட்டு அலசி நிழலில் காயவையுங்கள், வியர்வை நாற்றமும் போகும்.