பனிக்காலமும் ஐம்பது வயதுத் தோலும்: தோல் மருத்துவர் பதில்கள்

எனக்கு வயது 51. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. பனிக்காலம் வந்தாலே கணைக்கால், கை, இடுப்பு எல்லாம் வறண்டு, ராத்திரியில் அரிப்பு தாங்க முடியவில்லை. வாராவாரம் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன். விலை கூடின லோஷனும் வாங்கிப் பார்த்தாகிவிட்டது. சாயங்காலம் கரி அடுப்புப் பக்கம் உட்கார்ந்தால் இதமாக இருக்கிறது, அப்புறம் அரிப்பு கூடிவிடுகிறது. இப்போது காலில் பழுப்பாக வலை மாதிரி ஏதோ தெரிகிறது. பயமாக இருக்கிறது டாக்டர்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குன்னூர்

முதலில் அந்தப் பழுப்பு வலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சகோதரி. அது அடுப்புச் சூட்டினால் வந்தது. தோலைச் சுடாத அளவு வெப்பம்தான், ஆனால் ஒரே இடத்தில் தினமும் பட்டால் இப்படி வலைப்பின்னலாக நிறம் மாறும். நீலகிரியிலிருந்து கோவைக்கு என்னிடம் வரும் பெண்களின் கணைக்காலில் இதைப் பார்த்தாலே, வீட்டில் கணப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டுவிடுவேன். ரூம் ஹீட்டரும் வெந்நீர்ப் பையும்கூட இதைச் செய்யும். இப்போதே விலகி உட்கார்ந்தால் சில மாதங்களில் பெரும்பாலும் மங்கிவிடும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் அந்த நிறம் நிலைத்துவிடும். அரிதாக அந்த இடத்தில் புற்றும் வரலாம். இன்னொன்று, ஜன்னலைச் சாத்திய அறையில் கரி அடுப்பை வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

இனி வறட்சி. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது, ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும் கொழுப்பும் குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடங்களில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடுகிறது. இதோடு மலைக்காற்றின் வறட்சியும் சேர்கிறது. கணைக்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இயல்பிலேயே குறைவு, அதனால் முதலில் அங்கேதான் தெரியும். நகத்தால் இழுத்தால் வெள்ளைக் கோடு விழும். முற்றினால் தோல் வறண்ட ஏரி மண் மாதிரி வெடிக்கும். நாற்பது வயதில் போதுமாக இருந்த பராமரிப்பு ஐம்பதில் போதாமல் போவது உங்கள் கவனக்குறைவு இல்லை. உடம்பு மாறியிருக்கிறது.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் ஊகிக்கிறேன்: ஆவி பறக்கும் வெந்நீரில் நெடுநேரம் குளிக்கிறீர்கள். அந்தக் குளிரில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் மிச்சமிருக்கிற எண்ணெயையும் அந்த வெந்நீர் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்திலிருந்து பத்து நிமிடம், அவ்வளவு போதும். குளியலறைக் கதவைச் சாத்தி, முதலில் இரண்டு சொம்பு வெந்நீரைத் தரையில் ஊற்றினால் அறை சூடாகிவிடும், உடம்பில் கொதிநீரை ஊற்ற வேண்டியிருக்காது. சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும். கை காலுக்கு வெறும் தண்ணீரே போதும். அமில-கார அளவான பிஹெச் (pH) சாதாரண சோப்பில் ஒன்பது, பத்து என்று காரமாக இருக்கும். தோலின் இயல்போ ஐந்தை ஒட்டியது. உறையில் டிஎஃப்எம் (சோப்பிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருள்) 76 சதவீதம், முதல் தரம் என்று போட்டிருந்தாலும் அதுவும் காரமான சோப்புதான். சோப்பில்லாத கிளென்சிங் பார் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள்.

எண்ணெய்க் குளியலை நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். நல்லெண்ணெய் தேய்த்த உடம்பைச் சீயக்காயும் கடலை மாவும் போட்டுக் கரகரவென்று தேய்த்துக் கழுவுகிறோமே, அங்கேதான் வம்பு. தலைக்குச் சீயக்காய் போடுங்கள். உடம்பில் மிச்ச எண்ணெய் இருந்தால் இருக்கட்டும், துண்டால் ஒற்றிவிடுங்கள்.

லோஷன் பலிக்காமல் போனதற்குப் பெரும்பாலும் அதன் விலை காரணமாக இருக்காது, தடவும் நேரம்தான் காரணம். உடம்பு காய்ந்த பிறகு தடவினால் பூட்டி வைக்க உள்ளே ஈரமே இருக்காது. துண்டால் லேசாக ஒற்றி, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, குளித்த மூன்று நிமிடத்துக்குள் தடவிவிடுங்கள். நீர்த்த லோஷனைவிடக் கெட்டியான க்ரீம் நல்லது. கிளிசரின், செராமைடு, ஐந்திலிருந்து பத்து சதவீத யூரியா, இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்போ கீறலோ இருக்கும் இடத்தில் யூரியா எரியும். அங்கே வெறும் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். கைக்கு அடக்கமான விலையில் அதைவிட நன்றாக ஈரத்தைப் பூட்டும் பொருளை நான் பார்த்ததில்லை. தேங்காய் எண்ணெயும் ஈரத் தோலில் நன்றாகவே வேலை செய்யும். ராத்திரி படுக்கும் முன் இன்னொரு முறை தடவுங்கள். ஸ்வெட்டருக்கு உள்ளே முழுக்கைப் பருத்தி பனியன் போடுங்கள், கம்பளி நேராகத் தோலில் உரசக் கூடாது.

இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் அரிப்பு அடங்கவில்லை என்றால் தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், ரத்தசோகை இவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரியில் அரித்தால், விரல் இடுக்கில் சின்னச் சின்னப் பொரி தெரிந்தால், அது சிரங்கு. அதற்கு மருந்து வேறு.

வயது 47. முகத்தில் எந்த க்ரீம் போட்டாலும் எரிகிறது, சிவந்துவிடுகிறது. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ஒரு ட்யூப் மட்டும்தான் கேட்கிறது. அதை நிறுத்தினால் மறுபடி எரிச்சல். என்ன செய்வது?
– வாசகி, ஓசூர்

அந்த ட்யூபைக் கையில் எடுத்து, பொடி எழுத்தைப் படியுங்கள். கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. போட்டால் அடங்குவதும் நிறுத்தினால் சீறுவதும் அதன் குணம். மாதக்கணக்கில் போட்டால் முகத்தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரியும், ரோமம் முளைக்கும். 2018இல் அரசு இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

சட்டென்று நிறுத்தினால் முகம் கொதித்துப்போகும். அதனால் தோல் மருத்துவரிடம் காட்டி, படிப்படியாக விடுங்கள். அதுவரை எலுமிச்சை, கடலை மாவு, ஸ்க்ரப், ரெட்டினால், வைட்டமின் சி சீரம் எதுவும் வேண்டாம். வாசனை சேர்க்காத ஒரே ஒரு க்ரீம், அவ்வளவுதான். அதையும் முழங்கை மடிப்பில் காலை, இரவு என ஒரு வாரம் தடவிப் பார்த்து, ஒன்றும் செய்யாவிட்டால் முகத்துக்குக் கொண்டுவாருங்கள். வெயிலுக்கு ஜிங்க் ஆக்ஸைடு உள்ள சன்ஸ்க்ரீன் உங்களுக்குப் பொருந்தும்.

அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. மார்கழி முழுக்க விடியற்காலையில் வெறுங்காலோடு கோலம் போடுவார். பித்தவெடிப்பில் ரத்தம் வருகிறது. பிளேடால் சுரண்டுகிறார்.
– வாசகர், திருவண்ணாமலை

அம்மா கையிலிருந்து அந்த பிளேடை இன்றைக்கே பிடுங்கி வைத்துவிடுங்கள். கோலம் போடட்டும், ஆனால் காலில் செருப்பு இருக்கட்டும். ராத்திரி பாதங்களை வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்து, வெடிப்புக்குள் பெட்ரோலியம் ஜெல்லி வைத்து, பருத்தி சாக்ஸ் போட்டுவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். வெடிப்பு மூடிய பிறகு, தடித்த தோலுக்கு 20 சதவீத யூரியா க்ரீம் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். சாலிசிலிக் அமிலம் சேர்ந்த களிம்புகளை அவர் தொடக் கூடாது. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் அவருக்கு வலி தெரியாது. அதனால் தினமும் நீங்களே பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். வெடிப்பைச் சுற்றிச் சிவப்போ வீக்கமோ, சீழோ நாற்றமோ தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.