ஆங்கிலத்தில் 'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா?

'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்றால் அவர் பள்ளிக்கூடம் நடத்துகிறார் என்று பொருள். நாமும் பேச்சில் 'கடையை ஓட்டுறான்' என்போமே, அதேதான். ரன்னுக்குப் பின்னால் ஒரு நிறுவனமோ இயந்திரமோ வந்தால் நடத்து, இயக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'ரன் எ மராத்தான்' என்றால் நிஜ ஓட்டம்தான்.

மோட்டார் ஓடுவது, படம் நூறு நாள் ஓடுவது எல்லாம் இரு மொழியிலும் ஒன்றே. மூக்கு, சாயம், சாலை என்று வரும்போதுதான் வழி பிரிகிறது. ஆங்கிலத்தில் மூன்றுமே 'ரன்' ஆகும். தமிழில் மூக்கு ஒழுகும், சாயம் போகும், சாலை நீளும். எனக்குப் பிடித்தது தேர்தல்: அமெரிக்கர் 'ரன் ஃபார்' என்று ஓடுவார், பிரிட்டிஷ்காரர் 'ஸ்டாண்ட் ஃபார்' என்று நம்மைப் போலவே நிற்பார்!

அப்புறம், ஒட்டுச்சொற்களில் கவனம் தேவை. 'ரன் இன்டு' நண்பரோடு வந்தால் தற்செயலாகச் சந்திப்பது, சுவரோடு வந்தால் மோதுவது. 'ரன் ஓவர்' வண்டி ஏற்றுவது. கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் நேரம் தாண்டிப் போவது. 'வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் பேப்பர்' என்றால் காகிதம் தீரப்போகிறது. 'வி ரேன் அவுட்' என்றால் தீர்ந்தேவிட்டது.